பன்றிக்கறியே தொடாத வீட்டில் பன்றி நாடாப்புழு எப்படி?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. என் மகனுக்கு 11 வயது. போன மாதம் ஒருநாள் விடியற்காலையில், தூக்கத்திலேயே அவனுக்கு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுவதும் இழுத்து நினைவு தப்பிவிட்டது. மாமனார் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் 12 மில்லிமீட்டரில் ஒரு கட்டி இருப்பதாகவும், அது பன்றி நாடாப்புழுவால் வந்தது என்றும் சொன்னார்கள். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, பூச்சி மருந்து மூன்றும் எழுதிக் கொடுத்தார்கள். 'வெளியே என்னத்தைத் தின்றாய்?' என்று மாமியார் பையனை அடித்தே கேட்டுவிட்டார். கணவர் முட்டைக்கோஸ்தான் காரணம் என்கிறார். பையன் கொஞ்சும் தெருநாய் மேலும், சமையலுக்கு உதவ வரும் பெண்மணி மேலும் ஆளுக்கொரு சந்தேகம். பூச்சி மருந்து மூளைக்கு ஆபத்து என்று ஓர் உறவினர் சொன்னதால் அதை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. 6 வயது மகளுக்கும் இது தொற்றுமா? மகனுக்கு வலிப்பு வாழ்நாள் முழுவதும் இருக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் பையனை யாரும் இனி அடிக்கவோ குறுக்கு விசாரணை செய்யவோ வேண்டாம். அவன் வெளியே பன்றிக்கறியே தின்றிருந்தாலும், அதிலிருந்து நேரடியாக மூளையில் கட்டி வராது. இந்தக் கடிதத்தை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த நோயைப் பற்றிப் படித்தவர்களிடமும் இருக்கிற பெரிய குழப்பம் இதுதான்.

பன்றி நாடாப்புழு முழு வளர்ச்சி அடைந்து வாழும் இடம் மனிதனின் குடல் மட்டுமே. பன்றியின் குடலில் அது வாழ்வதில்லை. பன்றியின் தசைக்குள் இருப்பது அதன் இளம்பருவம். அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை, உள்ளே ஒரு வெண்புள்ளியோடு, நீர் நிறைந்த கொப்புளமாக இருக்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் ஒருவர் சாப்பிட்டால், கொப்புளத்துக்குள் சுருண்டிருந்த தலை வெளியே வந்து, நான்கு உறிஞ்சிகளாலும் இரண்டு வரிசைக் கொக்கிகளாலும் குடல் சுவரைப் பற்றிக்கொள்ளும். சுமார் இரண்டு மாதத்தில் சில மீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்தாலும் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் ஒரு தொல்லையும் தெரியாது. பசி இருக்கும், வேலைக்குப் போவார், வருவார். புழுவின் வால்பக்கத் துண்டுகள் மட்டும் கழன்று மலத்தோடு வெளியேறிக்கொண்டிருக்கும். வெள்ளையாக, தட்டையாக, ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும் ஒரு துண்டுக்குள் சுமார் 50,000 முட்டைகள்.

அந்த முட்டையை யார் விழுங்கினாலும் கதை வேறு. திறந்தவெளியில் மலத்தைத் தின்னும் பன்றி விழுங்கினால் அதன் தசையில் கொப்புளம் உண்டாகும். மனிதர் விழுங்கினால், இரைப்பையையும் குடலையும் கடக்கும்போது முட்டை உடைந்து, உள்ளிருக்கும் நுண்கரு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசைக்கோ கண்ணுக்கோ மூளைக்கோ போய்த் தங்கும். உங்கள் மகனுக்கு நடந்தது இதுதான். கறி தின்றவருக்கு வருவது குடல் புழு. முட்டையை விழுங்கியவருக்கு வருவது மூளைக் கட்டி. அந்த முட்டை வந்தது பன்றியிடமிருந்து அல்ல, இன்னொரு மனிதரிடமிருந்து. சைவர், அசைவர் என்ற கணக்கு இதில் செல்லாது.

இதற்கு மருத்துவ உலகில் எல்லாரும் சுட்டிக்காட்டும் சான்று நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே பன்றியைச் சமயக் கட்டளையால் விலக்கிய வைதிக யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு வலிப்பு வந்து, மூளையில் இதே கட்டிகள் இருப்பது தெரிந்தது. 1992-ல் இது ஆய்விதழில் வெளியானது. அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள், இந்தப் புழு பரவலாக உள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். பரிசோதித்தபோது அவர்களில் ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. அவருக்கே அது தெரியாது.

இதைப் படித்ததும் உங்கள் வீட்டில் எல்லார் பார்வையும் அந்தச் சமையல் உதவிப் பெண்மணி மேல் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாதீர்கள். புழு யார் குடலிலும் இருக்கலாம். எப்போதோ வெளியூரில் நண்பர்களோடு கறி சாப்பிட்டுவிட்டு வீட்டில் சொல்லாதவர் குடும்பத்திலேயே இருக்கலாம். பள்ளி வாசலில் மாங்காய் நறுக்கி விற்பவராக இருக்கலாம், கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறியவராக இருக்கலாம். அதோடு, முட்டை உடலுக்குள் போன நாளும் வலிப்பு வந்த நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வலிப்பு வந்ததை 1930-களில் இங்கிலாந்தின் ராணுவ மருத்துவர்கள் கவனித்தார்கள். காரணம் இந்தக் கட்டிகள். அப்படி 450 பேரைத் தொடர்ந்து கவனித்த அறிக்கை 1961-ல் வந்தது. பலருக்குத் தொற்று ஏற்பட்டுச் சில ஆண்டுகள் கழித்துத்தான் முதல் வலிப்பு வந்திருக்கிறது. சிலருக்கு இன்னும் நீண்ட காலம் ஆகியிருக்கிறது. எனவே போன மாதம் யார் சமைத்தார், போன வாரம் எங்கே சாப்பிட்டான் என்று துருவுவதில் பயனில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள எல்லாரும், உதவிக்கு வருபவரும் சேர்த்து, மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவரை மட்டும் தனியே அனுப்புவது அவமதிப்பு. மருத்துவப்படியும் அது அரைகுறை வேலை. துண்டுகள் தினமும் வெளியேறுவதில்லை என்பதால் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கொடுப்பது நல்லது. நுண்ணோக்கியில் பார்த்தால் மாட்டிறைச்சி நாடாப்புழுவின் முட்டையும் பன்றி நாடாப்புழுவின் முட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும் (மாட்டிறைச்சிப் புழுவின் முட்டை மனித மூளையில் கட்டி உண்டாக்குவதில்லை). எது இருந்தாலும் சிகிச்சை எளிது. நிக்ளோசமைடு அல்லது பிராசிகுவாண்டெல், பெரும்பாலும் ஒரே வேளை. ஆனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம். பிராசிகுவாண்டெல் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும். தெரியாமல் மூளையில் கட்டி வைத்திருப்பவருக்கு அது வலிப்பைத் தூண்டிவிடலாம். யாருக்காவது புழு இருப்பது தெரியவந்தால் அவருக்குச் சிகிச்சை கொடுங்கள், வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். மருந்து சாப்பிட்ட பிறகு அவரால் யாருக்கும் ஆபத்தில்லை.

அடுத்து முட்டைக்கோஸ். வலிப்பு வந்த குழந்தையோடு வரும் பெற்றோர் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். முட்டைக்கோஸுக்குள் புழு பிறப்பதில்லை. கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் விளைந்த எந்தக் காயின் மேலும் முட்டை ஒட்டியிருக்கலாம். கொத்தமல்லித் தழை, வெள்ளரி, முள்ளங்கி, கேரட் எதுவும் விலக்கல்ல. சமைத்த முட்டைக்கோஸ் பொரியலால் ஒரு கெடுதலும் இல்லை, கொதி வந்தால் முட்டை செத்துவிடும். கவனிக்க வேண்டியது பச்சையாகச் சாப்பிடுகிறவற்றை. அவற்றை ஓடும் தண்ணீரில், இலை இலையாகப் பிரித்து, தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த முட்டையின் ஓடு குளோரினுக்கே அசையாது. உப்புத் தண்ணீரிலும் மஞ்சள் தண்ணீரிலும் ஊறவைத்துவிட்டுக் கழுவாமல் விடுவதில் பலனில்லை. உண்மையில் காய்கறியைவிட விரல்களே பெரிய வழி. குடலில் புழு உள்ளவர் மலம் கழித்துவிட்டுச் சோப்புப் போடாமல் மாவு பிசைந்தால், சட்னி அரைத்தால், பழம் நறுக்கினால் போதும். அதனால்தான் ஒரே வீட்டில், ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு இது வருவதைப் பார்க்கிறோம்.

நாயை விரட்ட வேண்டாம். நாய்க்கும் ஒரு நாடாப்புழு உண்டு, மனிதருக்கும் வரும், ஆனால் அது வேறு இனம், வேறு நோய். சில மில்லிமீட்டரே நீளமுள்ள அந்தப் புழு நாயின் குடலில் வாழும். அதன் முட்டை ஆடு மாடுகளுக்குள்ளும், தவறிப்போய் மனிதருக்குள்ளும் போனால் கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் வளரும். இறைச்சிக் கடைக்காரர்கள் கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் அப்படியே நாய்க்கு வீசுவதுதான் இது ஓயாமல் சுற்றுவதற்குக் காரணம். உங்கள் மகனின் மூளையில் இருப்பது அதுவல்ல. நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் பூச்சி மருந்து வாங்கிக் கொடுங்கள், கொஞ்சிய பிறகு பையன் கை கழுவட்டும். அவ்வளவு போதும்.

இனி அந்த 12 மில்லிமீட்டர் கட்டி. நீங்கள் அனுப்பிய அறிக்கையில், வளையமாகத் தெரிகிறது, நடுவில் சிறு புள்ளி இருக்கிறது, சுற்றிலும் லேசான வீக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் புள்ளி புழுவின் தலை. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அதிகம் வருவது இந்த ஒற்றைக் கட்டிதான், இந்த நோயின் வகைகளில் மிகவும் சாதுவானதும் இதுதான். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. புழு உயிரோடு இருக்கும்வரை உடலின் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறது. அப்போது பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அது சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. அந்தச் சண்டையில் வரும் வீக்கம்தான் வலிப்பைத் தூண்டுகிறது. அதாவது, உங்கள் மகனுக்கு வலிப்பு வந்தது புழு வளர்ந்ததால் அல்ல, அழியத் தொடங்கியதால்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. பூச்சி மருந்தான ஆல்பெண்டசோல் புழுவைக் கொல்லும்போது வீக்கம் கூடும், அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பூச்சி மருந்து பார்வையையே கெடுக்கலாம் என்பதால், தொடங்கும் முன் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்க வேண்டும். அது முடிந்ததா என்று கேளுங்கள். மூளை முழுவதும் கட்டிகளும் கடும் வீக்கமும் இருப்பவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. உங்கள் மகன் அந்த வகையில் இல்லை. ஒற்றைக் கட்டி பல குழந்தைகளுக்கு மருந்தில்லாமலே சில மாதங்களில் கரைந்துவிடுவதும் உண்டு, மருந்து அதை விரைவுபடுத்தும். ஆகவே பதற வேண்டியதில்லை. ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் நீங்களாக நிறுத்தி வைப்பது சரியல்ல. இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் போய், கொடுக்கவில்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டை எத்தனை நாள், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் மாத்திரையும் இதே ஆல்பெண்டசோல்தான். ஆனால் அந்த ஒரு வேளை உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. இந்தச் சிகிச்சைக்கு அது ஈடாகாது. மகனுக்கு அடுத்த முறை பள்ளியில் கொடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் விவரம் சொல்லிவிடுங்கள்.

சிலர் உங்களிடம் 'இது காசநோய்க் கட்டியாக இருக்கப்போகிறது, காசநோய் மருந்து தொடங்குங்கள்' என்றும் சொல்லக்கூடும். நம் நாட்டில் அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு வந்தவர்கள் மூளையில் தெரிந்த இத்தகைய சிறு ஒற்றைக் கட்டிகளைக் காசநோய் என்றே எண்ணி மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், நரம்பியல் அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் அவருடைய சக மருத்துவர்களும் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை நாடாப்புழுக் கட்டிகளே என்று காட்டினார்கள். 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வீக்கம் மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளும் அளவுக்கு இருக்கக் கூடாது என்பன போன்ற அளவுகோல்களை வகுத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ பேர் தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்தும் மண்டையோட்டைத் திறக்கும் அறுவையிலிருந்தும் தப்பினார்கள். வேலூர் பகுதியில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வில், வலிப்பு நோய் உள்ளவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தப் புழுவே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. உங்கள் மகன் ஏதோ அபூர்வ நோயாளி அல்ல.

அப்படியானால் ஏன் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று கேட்பீர்கள். 1888-லேயே சென்னையில் வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. 1993-ல், உலகிலிருந்தே ஒழிக்க முடியக்கூடிய நோய்கள் எவை என்று ஆராய்ந்த சர்வதேசக் குழு இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் உணவுவழி ஒட்டுண்ணிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் பன்றி நாடாப்புழுவுக்கு, இரண்டாம் இடம் நான் மேலே சொன்ன நாய்ப் புழுவுக்கு. இரண்டுமே 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் இருப்பவை. மூளையில் இந்தக் கட்டியோடு உலகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த நிறுவனம் தரும் மதிப்பீடு 25 லட்சத்திலிருந்து 83 லட்சம் வரை. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே மூன்று மடங்கு இடைவெளி இருக்கும் ஒரு நோயை யாரும் ஒழுங்காக எண்ணியதே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

புறக்கணிப்புக்கு ஒரு காரணம், இது யாருடைய வேலை என்பதில் உள்ள குழப்பம். வலிப்பு மருத்துவத் துறைக்கு, பன்றி கால்நடைத் துறைக்கு, கழிப்பறை உள்ளாட்சிக்கு. மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். பெரு நாட்டின் டும்பெஸ் பகுதியில் மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் சேர்த்துச் சிகிச்சையும், பன்றிகளுக்குத் தடுப்பூசியும் கொடுத்துப் புழுவின் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். 2016-ல் அந்த ஆய்வு வெளியானது. பன்றிக்கான தடுப்பூசி ஆஸ்திரேலிய ஆய்வாளர் மார்ஷல் லைட்டவ்லர்ஸின் குழு உருவாக்கியது. அதை வணிகமாகத் தயாரிப்பது ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ். கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் பன்றி வளர்ப்பவரிடம் போய்ச் சேர யாரும் சிரத்தை எடுப்பதில்லை. மாறாக, நோய் என்றதும் அவர்களைத்தான் ஊரை விட்டு விரட்டப் பார்க்கிறோம். அடைத்து வைத்துத் தீவனம் போட்டு வளர்த்த பன்றியால் இந்தப் புழு பரவாது. நாம் திறந்தவெளியில் விட்டு வைத்த மலத்தைத் தின்றதுதான் பன்றி செய்த குற்றம்.

வலிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1970-களில் நியூகினித் தீவின் மேற்குப் பகுதி மலைகளில் வாழும் ஏகாரி மக்களிடையே திடீரெனக் கடும் தீக்காயங்கள் பெருகின. குளிருக்காகக் குடிசைக்குள் நெருப்பு மூட்டிச் சுற்றிலும் படுப்பது அவர்கள் வழக்கம். வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்தார்கள். நினைவு இல்லாததால் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பாலியிலிருந்து அன்பளிப்பாக வந்த பன்றிகளோடு புழுவும் வந்திருந்தது. அங்கே நெருப்பு என்றால், இங்கே கிணறும் அடுப்பும் சைக்கிளும். டாக்டர் அனுமதிக்கும்வரை பையனைக் கிணற்றிலோ குளத்திலோ நீந்த விடாதீர்கள், போக்குவரத்து உள்ள சாலையில் சைக்கிள் வேண்டாம், குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளிக்கட்டும். தூக்கம் கெடக் கூடாது. வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

மறுபடி இழுப்பு வந்தால் சாவிக்கொத்து வேண்டாம், உங்கள் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இரும்பைக் கொடுத்தால் நிற்பது போல் தோன்றுவது, இழுப்பு ஓரிரு நிமிடங்களில் தானே நிற்பதால்தான். பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி மடித்து வையுங்கள், வாய்க்குள் விரலோ ஸ்பூனோ தண்ணீரோ எதுவும் போகக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தாலோ 108-ஐ அழையுங்கள். வலிப்பு அடங்கிய பிறகும் விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாழ்நாள் முழுவதும் இருக்குமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் இராது. ஒற்றைக் கட்டி சுவடில்லாமல் மறைந்துவிட்ட குழந்தைகளுக்கு வலிப்பு மாத்திரையை ஓராண்டுக்குள்கூட மெல்லக் குறைத்து நிறுத்திவிட முடிகிறது. கட்டி சுண்ணாம்புத் தழும்பாகத் தங்கிவிட்டால் மாத்திரை கூடுதல் காலம் தேவைப்படலாம். எதுவானாலும் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. நன்றாக இருக்கிறான் என்று தோன்றும் நாளில்தான் பலர் நிறுத்துகிறார்கள், அதுதான் ஆபத்தான நாள்.

மகளுக்கு அண்ணனிடமிருந்து தொற்றாது. மூளையில் உள்ள கட்டி முட்டை இடாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து முட்டை வந்திருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், அவளும் மலப் பரிசோதனையில் சேரட்டும். வலிப்பு, விடாத தலைவலி போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவரை அவளுக்கு ஸ்கேன் வேண்டியதில்லை. யாராவது வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். மகனுக்கு ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன் சொல்வார்கள். அப்போது பழைய அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஸ்கேன் படத்தையும் குறுந்தகட்டையும் கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கட்டி சுருங்கியிருக்கிறதா, தழும்பாகியிருக்கிறதா என்று உங்கள் டாக்டரால் சொல்ல முடியும்.